ஈறுக்குள் இப்போது என்ன நடக்கிறது? வாய்நீரில் நொதியை அளப்பது எதற்காக

ஈறு நோய்க்காகப் பல் மருத்துவரிடம் போனவர்களுக்கு அந்த மெல்லிய கம்பி நினைவிருக்கும். மில்லிமீட்டர் கோடு போட்ட அந்தக் கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, "மூணு, ரெண்டு, அஞ்சு, நாலு" என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்வார். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடங்கள், 28 பல் இருந்தால் 168 இடங்கள். மூன்று மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லிலிருந்து பிரிந்து பை மாதிரி ஆகிவிட்டது என்று பொருள், பல் மருத்துவர்கள் பாக்கெட் என்று சொல்வது இதைத்தான்.

இந்த அளவு பொய் சொல்லாது, ஆனால் அது சொல்வது பழைய கதை. வெள்ளம் புகுந்த வீட்டின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியுமே, அது மாதிரி. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு சொல்லும், இப்போது ஏறுகிறதா வடிகிறதா என்று சொல்லாது. ஆறு மில்லிமீட்டர் பாக்கெட் ஒன்று ஐந்து வருடமாக அப்படியே அசையாமல் இருக்கலாம், போன மாதம் நாலாக இருந்து இப்போது ஆறாகவும் ஆகியிருக்கலாம். கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான்.

போதாததற்கு, கம்பியால் அளப்பதிலேயே ஒரு மில்லிமீட்டர் வரை முன்னே பின்னே வரும். கை அழுத்தம், கம்பி சாயும் கோணம், ஈறின் வீக்கம் எல்லாம் அளவை மாற்றும். அதனால் ஒரு இடத்தில் நோய் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வேண்டும். அதாவது பல்லைப் பிடித்திருக்கும் திசு அவ்வளவு போன பிறகுதான் நமக்குத் தெரிய வருகிறது. எக்ஸ்ரேயும் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ கரைந்த பிறகுதான் படத்தில் கண்ணுக்குப் புலப்படும். போன எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்பி வராது என்பதால், இந்தத் தாமதத்தைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, ரத்தம் கசிவதை வைத்துச் சொல்ல முடியாதா? ஓரளவுக்கு முடியும். ஸ்விட்சர்லாந்தில் நிக்லாஸ் லாங்கின் குழு 1986இலும் 1990இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதில் அடிப்படையானவை. தொடர்ந்து நான்கு முறை சோதிக்கும்போதும் ரத்தம் கசிந்த இடங்களில்கூட ஏறத்தாழ 30 சதவீதத்தில்தான் மேற்கொண்டு இழப்பு வந்தது. ஆனால் ரத்தம் கசியவே இல்லையென்றால் அந்த இடம் நிலையாக இருக்கிறது என்று 98 சதவீதம் நம்பலாம். ஆக, கசிவு இல்லை என்பது நல்ல செய்தி, கசிவு இருப்பது மட்டும் ஒன்றையும் முடிவாகச் சொல்லாது. புகை பிடிப்பவர்களிடம் இதுவும் ஏமாற்றும், ஏனென்றால் அவர்களுக்கு உள்ளே நோய் நடந்துகொண்டிருந்தாலும் ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும்.

இங்கே தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். உலகில் எந்தப் பல் மருத்துவ மாணவரும் ஈறு நோயின் இயல்பான போக்கு என்று படிக்கும் பாடம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்தது. நார்வே நாட்டைச் சேர்ந்த ஹெரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் தொடங்கி 1985 வரை அங்கே 480 ஆண் தோட்டத் தொழிலாளர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓஸ்லோவில் மாணவர்களையும் கல்வியாளர்களையும் எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் இருந்தவர்களிடம் நாம் பழகிய மாதிரி பல் துலக்கும் வழக்கம் இல்லை, தடுப்போ சிகிச்சையோ அவர்களை எட்டியதில்லை. எல்லோருக்கும் பல்லில் படலமும் காரையும் தடிமனாக இருந்தன, எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் முடிவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக நகர்ந்தது, மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, அதைத் தாண்டவே இல்லை. 35 வயதில் வேகமான கூட்டத்தாருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் இணைப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் போயிருந்தது, நடுக் கூட்டத்தாருக்கு 4 மில்லிமீட்டர், கடைசிக் கூட்டத்தாருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

அதே தோட்டம், அதே உணவு, பல்லில் ஏறத்தாழ அதே அளவு அழுக்கு, அப்படியிருந்தும் மூன்று விதமான விதி. அழுக்கைப் பார்த்தோ வீக்கத்தைப் பார்த்தோ யார் எந்தக் கூட்டம் என்று சொல்லியிருக்க முடியாது. அந்த 8 சதவீதத்தில் ஒருவர் 22 வயதில் நம் முன் உட்கார்ந்திருந்தால் அவரை எப்படிக் கண்டுபிடித்திருப்போம்? ஈறின் திசுக்களை வெட்டும் நொதியை, அதாவது என்சைமை, அளக்க வேண்டும் என்ற எண்ணம் முக்கியமாகிற இடம் இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் வருடத்துக்கு இவ்வளவு என்று சீராக அரித்துக்கொண்டு போவதாகத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். 1984இல் சோக்ரன்ஸ்கி, ஹாஃபஜீ, குட்சன், லிண்டே ஆகிய ஆய்வாளர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். ஒரு இடத்தில் சில வாரம் வேகமாக அழிவு நடக்கும், பிறகு மாதக்கணக்கில் ஓய்ந்திருக்கும், அப்புறம் வேறொரு பல்லில் கிளம்பும் என்று அவர்கள் சொன்னார்கள். அப்படியானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பி விட்டுப் பார்ப்பவருக்கு எரிந்து முடிந்த சாம்பல்தான் கிடைக்கும். எரியும்போதே பார்க்க வேண்டுமென்றால் எரிக்கிற பொருளைத் தேட வேண்டும்.

அந்தப் பொருள் பெரும்பாலும் நம் உடம்பிலிருந்தே வருகிறது, இதைப் பலரும் நம்ப மறுப்பார்கள். பல் இடுக்கில் கிருமிகள் குவிந்ததும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள், அதிலும் நியூட்ரோஃபில்கள், கூட்டம் கூட்டமாக ஈறின் ஓரத்துக்கு வருகின்றன. கிருமிகளை விழுங்குவதற்கும், திசுக்களுக்கு நடுவே வழி உண்டாக்கிக்கொண்டு போவதற்கும் அவை நொதிகளைப் பைபையாகச் சுமந்து வருகின்றன. எலாஸ்டேஸ் அதில் ஒன்று. கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை வெட்டும் எம்எம்பி-8 இன்னொன்று. பல்லை எலும்போடு கட்டிப் பிடித்திருக்கும் நார்களும் ஈறின் உறுதியும் பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜன்தான். மூன்று இழை சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி இருப்பதால் சாதாரண நொதி எதுவும் அதைத் தொட முடியாது. எம்எம்பி-8 அந்தக் கயிற்றைக் குறிப்பிட்ட ஒரே இடத்தில், முக்கால் பங்கு ஒரு பக்கம், கால் பங்கு ஒரு பக்கம் என்று வெட்டும். வெட்டியதும் முறுக்கு தளர்ந்துவிடும், அதற்குப் பிறகு மற்ற நொதிகளுக்கு வேலை சுலபம்.

கொலாஜனை வெட்டும் நொதி ஒன்று உண்டு என்பதே 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியேரும் தவளைக் குஞ்சின் வாலைப் படித்தபோது தெரியவந்தது. தலைப்பிரட்டை தவளையாகும்போது அந்த வால் எங்கே போகிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்த விடை அது. அந்த வாலைக் கரைத்த நொதியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் ஈறைக் கரைப்பதும்.

இந்த நொதி பூட்டிய கத்தியாகத்தான் வெளியே வரும். கிருமிகளின் நொதிகளோ, வெள்ளணுக்களே உமிழும் ஆக்சிஜன் சார்ந்த வீரியப் பொருட்களோ அந்தப் பூட்டைத் திறந்தால்தான் அது வெட்டத் தொடங்கும். பக்கத்திலேயே அதைக் கட்டிப்போடும் தடுப்புப் புரதங்களும் இருக்கும். பூட்டிய நிலை, திறந்த நிலை, கட்டுண்ட நிலை என்று ஒரே நொதி மூன்று கோலத்தில் ஒரே துளியில் கலந்து கிடக்கும். எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதும், எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதும் ஒன்றல்ல என்பதை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதப்படும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எந்த நீரில் அளப்பது? இரண்டு வகை உண்டு. ஒன்று பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஊறிவரும் ஈறுநீர். ஆரோக்கியமான ஈறில் ஒரு இடத்தில் கிடைப்பது மைக்ரோலிட்டரில் ஒரு பகுதிதான், வீக்கம் ஏற ஏற ஊற்று கூடும். 1950களில் பிரில், கிராஸே போன்றவர்கள் வடிதாள் துண்டை அந்த இடுக்கில் வைத்து உறிஞ்சி எடுக்கத் தொடங்கினார்கள், இன்றும் அடிப்படையில் அதே முறைதான். தாளை 30 நொடி வைத்து எடுத்து, பெரியோட்ரான் என்ற சின்னக் கருவியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்தால், தாள் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதை மின் அளவாக மாற்றிக் காட்டும். இதில் பெரிய நன்மை, எந்தப் பல், எந்தப் பக்கம் என்று இடம் சுட்டிச் சொல்லலாம். பெரிய கஷ்டமும் அதேதான், 168 இடத்திலும் யார் தாள் வைத்துக்கொண்டிருப்பது?

இன்னொன்று உமிழ்நீர், அல்லது வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பும் நீர். வாயிலுள்ள எல்லா இடுக்கிலிருந்தும் வடிந்தது இதில் கலந்து இருக்கும். எடுப்பது சுலபம், ஊசி வேண்டாம், வலி இல்லை, யாரும் எங்கேயும் எடுக்கலாம். எந்தப் பல் என்று மட்டும் சொல்லாது, இந்த வாயில் எங்கோ அழிவு நடக்கிறது என்று சொல்லும். தெருமுனையில் நின்று புகை வாசனை வருகிறதா என்று பார்க்கிற மாதிரி. எந்த வீடு என்று பிறகு கம்பியை வைத்துத் தேடிக்கொள்ளலாம்.

நொதியின் வேலையை நேராக அளக்க ஆய்வகத்தில் செய்வது எளிய தந்திரம்தான். நொதி விரும்பி வெட்டும் ஒரு சின்னப் புரதத் துண்டைச் செயற்கையாகச் செய்து, அதன் நுனியில் நிறம் தரும் ஒரு மூலக்கூறை ஒட்டுவார்கள். ஒட்டியிருக்கும்வரை நிறம் தெரியாது, நொதி வெட்டி விடுவித்ததும் மஞ்சளாகும். அந்த மஞ்சள் நிமிடத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்று 405 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் நொதியின் வேகம் கிடைத்துவிடும். ஒளிரும் மூலக்கூறை ஒட்டினால் இன்னும் குறைவான அளவையும் பிடிக்கலாம். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் நொதியின் அளவு ஒரு யூனிட். எலாஸ்டேஸை இப்படித்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள்.

எளிய தந்திரம் என்றேன், ஆனால் இதில் விழக்கூடிய குழிகள் பல. ரத்தத்திலிருந்து கசியும் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற பெரிய புரதம் நொதியைக் கூண்டில் அடைக்கிற மாதிரி அடைத்துவிடும். கூண்டுக்குள் இருக்கும் எலாஸ்டேஸால் ஈறின் பெரிய புரதங்களை எட்ட முடியாது, ஆகவே உடம்புக்கு அது ஆபத்தில்லாதது. ஆனால் நாம் போடும் சின்னப் புரதத் துண்டு கூண்டின் இடைவெளி வழியாக உள்ளே நுழைந்துவிடும், நொதி அதை வெட்டும், குழாய் மஞ்சளாகும். நடக்காத அழிவை நடப்பதாக எண்ணிவிடுவோம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எம்எம்பி வகை நொதிகளுக்குத் துத்தநாகமும் கால்சியமும் இல்லாமல் வேலை ஓடாது, மாதிரி எடுத்த குழாயில் ரத்தப் பரிசோதனைக்குப் போடும் ஈடிடிஏ என்ற ரசாயனம் இருந்தால் அது இரண்டையும் பிடுங்கிக்கொள்ளும், நொதி இருந்தும் அளவு பூஜ்யத்தை ஒட்டி வரும். உமிழ்நீரை வெயிலிலோ மேஜையிலோ விட்டால் அதிலிருக்கும் நொதிகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும், அதனால்தான் உடனே பனிக்கட்டியில் வைத்து, பிறகு மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள்.

ஈறுநீரில் அளந்ததை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று அடர்த்தியாகச் சொல்வதா, 30 நொடியில் மொத்தம் இவ்வளவு என்று சொல்வதா? அடர்த்திதான் சரி என்று தோன்றும். ஆனால் வீக்கம் கூடும்போது நீரும் கூடி ஊறுவதால் நொதி இரண்டு மடங்கானாலும் அடர்த்தி மாறாமல் நிற்கலாம். அமெரிக்காவில் ஐரா லாம்ஸ்டர் 1980களிலேயே இதைக் காட்டி, நேரத்துக்கு எவ்வளவு மொத்த நொதி என்பதே நோயோடு நன்றாகப் பொருந்துகிறது என்றார். இன்றும் எந்த ஆய்வைப் படித்தாலும் முதலில் நான் தேடுவது இவர்கள் எப்படிக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

மருத்துவர் நாற்காலி பக்கத்திலேயே செய்யும் சோதனைகளாக இதைக் கொண்டுவர 1990களில் நிறைய முயற்சி நடந்தது. நம் ஊர் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கல்லீரல் வரிசையில் எஸ்ஜிஓடி என்று ஒன்று வருமே, அந்த நொதி செல்கள் செத்து உடையும்போது வெளியே கொட்டும். மாரடைப்பைக் கண்டறிய 1954இலேயே அதை ரத்தத்தில் பார்த்தார்கள். அதே தர்க்கத்தை ஈறுக்குக் கொண்டுவந்து, ஈறுநீரில் அதை அளக்கும் சோதனை ஒன்று பெரியோகார்ட் என்ற பெயரில் வந்தது. எலாஸ்டேஸுக்கு வேறொன்று வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வால்டர் லோஷே இன்னொரு வழியில் போனார். அவர் நம் நொதியை விட்டுவிட்டு, பல் படலத்தில் இருக்கும் கிருமிகளின் ட்ரிப்சின் போன்ற நொதியைத் தேடினார். போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற மூன்று கெட்ட கிருமிகளிடம் அந்த நொதி உண்டு, பானா என்ற பொருளை அது வெட்டினால் பட்டையில் நீலம் தெரியும். இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுகளிலும் பானா சோதனை அடிக்கடி வரும்.

இந்தச் சோதனைகள் பெரும்பாலும் கிளினிக்குகளில் நிலைக்கவில்லை. காரணம் அறிவியல் தப்பானதல்ல. ஒவ்வொரு இடமாகத் தாள் வைத்து, காத்திருந்து, நிறம் பார்க்கும் நேரத்தில் மருத்துவர் கம்பியால் முழு வாயையும் அளந்து முடித்துவிடுவார். வெறும் ஈறு வீக்கத்திலும் செல்கள் சாகும், ஆகவே எஸ்ஜிஓடி அங்கேயும் ஏறி நிற்கும், எலும்பு போகிறதா இல்லையா என்று பிரித்துச் சொல்லாது. இன்னும் முக்கியமாக, சோதனை எப்படி வந்தாலும் மருத்துவர் செய்யப்போவது அதே சுத்தம் செய்தல்தான் என்றால் யார் காசு கொடுத்து சோதிப்பார்கள்? நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவியாக இவற்றை விற்றதுதான் தவறு என்று நான் நினைக்கிறேன். அதைக் கண்ணும் கம்பியும் செய்துவிடும். சிகிச்சைக்குப் பிறகு அடங்கிவிட்டதா, மறுபடி கிளம்புகிறதா என்று கண்காணிக்கத்தான் நொதி வேண்டும்.

இப்போது பரவலாகப் பேசப்படுவது ஃபின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் டிமோ சோர்சாவும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வருடம் உழைத்து உருவாக்கிய எம்எம்பி-8 சோதனை. ஜெர்மனியில் பெரியோசேஃப் என்ற பெயரில் விற்கிறது. செய்முறை ரொம்ப எளிது. முதலில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு 5 மில்லி சுத்தமான தண்ணீரை 30 நொடி வாயில் சுழற்றி ஒரு கிண்ணத்தில் துப்ப வேண்டும். அதில் ஒரு சிறு அளவைப் பட்டையில் விட்டால், கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியே ஐந்து பத்து நிமிடத்தில் கோடு வரும். ஒரு கோடு என்றால் குறைவு, இரண்டு கோடு என்றால் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. கோட்டின் அழுத்தத்தை எண்ணாகச் சொல்லும் சிறு கருவியும் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டை நொதி வெட்டும் வேகத்தை அளக்கவில்லை. பூட்டுத் திறந்து வெட்டத் தயாரான வடிவத்தை முக்கியமாகப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தி அந்த வடிவம் எவ்வளவு என்று எண்ணுகிறது. நேரடி வேக அளவும் இல்லை, பூட்டியதையும் திறந்ததையும் ஒன்றாகக் கூட்டும் மொத்த அளவும் இல்லை, நடுவிலே ஒரு நல்ல சமரசம். எந்த எம்எம்பி-8 சோதனை என்று கேட்காமல் எண்களை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். வாயில் ஆறு பல் மட்டும் மிச்சம் இருப்பவருக்கு, அந்த ஆறும் மோசமாக இருந்தாலும், கொப்பளித்த நீரில் நொதி குறைவாகவே தெரியும். பல்லுக்குக் கம்பி கட்டி நகர்த்திக்கொண்டிருப்பவருக்கு ஈறு நோய் இல்லாமலே எம்எம்பி-8 ஏறலாம், ஏனென்றால் பல் நகர்வதற்கும் நார்கள் அறுந்து மறுபடி கட்டப்பட வேண்டும். வாய்ப்புண் இருந்தாலும் எண் மாறும். காலையில் எடுத்ததும் சாப்பிட்டு முடித்து எடுத்ததும் ஒன்றாக இருக்காது. ஆனால் அதே ஆள், அதே நேரம், அதே முறை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று எடுத்தால் கதை வேறு. சுத்தம் செய்து சில வாரத்தில் எண் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றால் சிகிச்சை பிடித்திருக்கிறது. இறங்காமல் முரண்டு பிடித்தாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, கம்பி ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்த வாயைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பைவி மான்டிலாவும் ஹெல்சின்கி குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் புகை பிடிப்பவர்களிடம் சிகிச்சைக்கு மசியாத இடங்களில் எம்எம்பி-8 திரும்பத் திரும்ப உயர்ந்தே நின்றது. ரத்தக் கசிவு ஏமாற்றும் அதே ஆட்களிடம் நொதி ஏமாற்றவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நொதி என்றாலே எதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இதையும் சொல்ல வேண்டும். 1924இல் பாப்பியோன், லெஃபேவ்ர் என்ற இரண்டு ஃபிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும், பால் பற்கள் முளைத்த சில வருடத்திலேயே ஈறு நோயால் விழும், பிறகு வரும் நிரந்தரப் பற்களும் விழும். கத்தெப்சின் சி என்ற மரபணுவில் கோளாறு என்று 1999இல் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளின் வெள்ளணுக்களில் எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் செயல்பாட்டுக்கே வருவதில்லை. அதாவது எலாஸ்டேஸ் மிகுந்தால் ஈறு அழியும், இல்லவே இல்லாவிட்டாலும் ஈறு அழியும். எம்எம்பி-8 இல்லாமல் வளர்த்த எலிகளிலும், கிருமியைக் கொடுத்தபோது எலும்பு இழப்பு குறைவதற்குப் பதில் கூடியது. வேலி போடும் ஆளே வேலியைத் தின்னத் தொடங்கும் கணம்தான் நாம் தேடுவது, ஆளே இல்லாத தோட்டம் அல்ல. அதனால் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது யாருடைய குறிக்கோளும் இல்லை.

நொதியை அளப்பதோடு நிற்காமல் அதை அடக்கவும் ஒருவர் வழி கண்டார். நியூயார்க் மாகாணத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் லோர்ன் கோலப் 1983இல், சர்க்கரை நோய் வந்த எலிகளின் ஈறில் கொலாஜனை வெட்டும் நொதியின் வேகத்தை மினோசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து குறைப்பதைக் காட்டினார். கிருமியைக் கொல்வதால் வந்த பலன் இல்லை அது, டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகள் நொதியையே தடுக்கின்றன. அதை வைத்து, வழக்கமான 100 மில்லிகிராமுக்குப் பதில் கிருமியைக் கொல்லாத அளவான 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினை நாளுக்கு இரண்டு தடவை கொடுக்கும் மருந்து ஒன்று 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆழமாகச் சுத்தம் செய்வதோடு சேர்த்துத் தரும் துணை மருந்துதான் அது, தனியாகத் தின்று ஈறைக் காப்பாற்ற முடியாது. யாருக்கு அந்தத் துணை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க நொதி எண் உதவும் என்பதால்தான் இதை இங்கே சொன்னேன். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் யாரும் வாங்கிப் போட வேண்டாம்.

2018இல் வெளியான உலகளாவிய புதிய வகைப்பாட்டில் ஈறு நோயை எவ்வளவு முற்றியது என்று நான்கு நிலைகளாகவும், எவ்வளவு வேகம் என்று ஏ, பி, சி என மூன்று தரங்களாகவும் பிரித்தார்கள். புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் ஒருவரை வேகம் கூடிய தரத்துக்குத் தள்ளும். நோயின் போக்கைக் காட்டும் நம்பகமான உயிர்க்குறிகள் (உடம்பின் நீரில் அளக்கும் பொருட்கள்) கிடைத்தால் தரம் பிரிப்பதில் சேர்க்கலாம் என்று அதில் இடமும் விட்டிருக்கிறார்கள். நொதிகள் அந்த இடத்தில் உட்கார, ஒரே முறையில் ஒரே அளவில் பல ஊர்களில், பல உணவுப் பழக்கம் உள்ளவர்களிடம் நீண்ட காலம் அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு ஊரில் போட்ட 20 என்ற எல்லைக்கோட்டை அப்படியே எடுத்து வெற்றிலை பாக்குப் போடும் ஒருவருக்கு ஒட்டுவதற்கு முன் அங்கேயும் அளந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புகிறேன். ஈறு நோய் ஆய்வாளர் கிறிஸ்டோஃப் ராம்சையரின் குழு, முதல் பரிசோதனைக்கு 40 வருடம் கழித்து 2010இல் அதே தொழிலாளர்களைத் தேடிப்போனது. 480 பேரில் 75 பேரைத்தான் மறுபடி பரிசோதிக்க முடிந்தது. ஒரு பல்லும் இழக்காதவர்களும் அதில் இருந்தார்கள், 28 பல்லும் போனவர்களும் இருந்தார்கள், சராசரியாக ஒருவர் 13 பற்களை இழந்திருந்தார். 30 வயதில் சராசரி இணைப்பிழப்பு 1.81 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தவர்களுக்கு 60 வயதில் குறைந்தது 20 பற்களாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம் என்று 2017இல் எழுதினார்கள்.

ஆக, 60 வயதின் சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் 30 வயதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்த வயதில் பல் ஆடாது, வலிக்காது, துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை மாற்றுவோமே தவிர மருத்துவரிடம் போக மாட்டோம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நகரத்துப் பல் ஆஸ்பத்திரிக்குப் போவது இன்னும் கஷ்டம். கொப்பளித்துத் துப்ப 5 மில்லி தண்ணீரும் ஒரு பட்டையும் போதும் என்றால், பத்து நிமிடத்தில் அது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலிலேயே நடந்து முடிந்துவிடும். ரத்த அழுத்தம் பார்க்கிற மாதிரி தோட்ட மருந்தகத்துச் செவிலியரே பார்க்கலாம், இரண்டு கோடு வந்தவரை மட்டும் மருத்துவரிடம் அனுப்பலாம். உலகத்துக்கே பாடமாகத் தங்கள் வாயைத் திறந்து காட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அந்த 30 வயது நடந்துகொண்டிருக்கிறது.